வேகவைக்காத பலகை

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மனிதர் வீட்டுக் கார் ஷெட்டில் படகு கட்டுகிறார் என்றால் தெரு சும்மா இருக்குமா? முதல் பலகை வந்து இறங்கிய அன்றே அவருக்கு அதுவரை இருந்த ‘எக்ஸ்ரே’ என்ற பட்டப்பெயர் போய் ‘கப்பல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. “கப்பல் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டே பால்காரர் ஷெட்டை எட்டிப் பார்ப்பார். எதிர்வீட்டு வக்கீல், “முழுகினா என்கிட்ட வாங்க சார், கேஸ் போட்டுடலாம்” என்பார். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஆயுசில் பாதியை இருட்டறையில், “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க” என்று சொல்லியே கழித்தவருக்கு, வெளிச்சத்தில் நின்று நாலு பேரோடு பேச ஒரு சாக்குக் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஏன் படகு என்று கேட்டால் அவரிடம் உருப்படியான பதில் கிடையாது. டாக்டர் ஒருவரின் மேஜையில் கிடந்த பழைய பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார், அவ்வளவுதான். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குப் புறா. இவருக்கு இது என்று வந்து சேர்ந்தது.

அதுவும் ஒற்றைப் படகு இல்லை. ஒல்லியான இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, நடுவில் உட்கார ஒரு மேடையும் பாய்மரமும் வைத்த இரட்டைப் படகு. பிளைவுட்டை வரைபடத்தின்படி வெட்டி, ஓரம் நெடுக ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைக்கிற மாதிரி தைத்து இழுத்தால், தட்டையாகக் கிடந்த பலகை வயிறும் மூக்குமாக எழுந்து நிற்கும். மூட்டுகளில் பசை பூசிக் காய்ந்ததும் கம்பியை உருவிவிட வேண்டும். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கும் அவர் மனைவி இதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இத்தனை வருஷமா நான் தைக்கறப்ப, ‘அது என்ன பெரிய வேலை’ன்னு கேட்டீங்களே, இப்பத் தெரியுதா? சரி, பாயை நான் தைச்சுத் தரேன். படகு தண்ணியில ஏறுதோ இல்லையோ, நம்ம மானம் கப்பலேறாம இருந்தா சரி.”

பேத்தி வந்தபோது, முதலில் கட்டியதற்கு ‘அண்ணன்’ என்றும் அடுத்ததற்குத் ‘தம்பி’ என்றும் பேர் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தாத்தாக்களும் அப்படித்தான். இவர் படகுத் தாத்தா. அப்பாவைப் பெற்றவர் பலகைத் தாத்தா.

பலகைத் தாத்தாதான் இந்தக் கதையில் முக்கியமானவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பிளைவுட் கடை. அங்கேதான் மகளைக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அப்பாவோடு அந்தக் கடையில்தான். சம்பந்தி கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார், தன் சரக்கை யாராவது குறை சொன்னால் மட்டும் தாங்க மாட்டார். படகு விஷயம் காதில் விழுந்ததும் போன் செய்தார். “கடல் தண்ணிக்குத் தாங்கற பலகை நம்மகிட்டயே இருக்கு சம்பந்தி. நீங்க வெளியில போய்த் தேடினா எனக்கில்ல அவமானம்?” மறுநாள் லோடு வேன் வந்து நின்றது. பில் கேட்டதற்கு டிரைவர் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

படகு கட்டும் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. யாரிடம் வாங்கினாலும் சரி, பலகையில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நாள் முழுக்க வேகவைத்துப் பார்க்க வேண்டும். அடுக்குகள் பிரியாவிட்டால் படகுக்கு ஆகும். பிரிந்தால் அலமாரி செய்துகொள்ளலாம். எக்ஸ்ரேக்காரரும் ஒழுங்காக ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி விடவில்லை.

“சம்பந்தி குடுத்ததையா வேகவைக்கப் போறீங்க? நல்லாருக்கு! ‘உங்கப்பா எங்க பலகையைக் குக்கர்ல போட்டுப் பாத்தாராமே’ன்னு நாளைக்கு அந்த வீட்டுல யாராவது கேட்டா, நம்ம பொண்ணு மூஞ்சியை எங்க வச்சுக்குவா?”

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் உட்கார்ந்து சோற்றை முகர்ந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும். ரம்பத்தை ஆணியில் மாட்டினார். வேகவைக்காமலேயே வேலை தொடங்கியது.

அண்ணன் எழுந்தான். தம்பியும் எழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டும். கையெல்லாம் பசை, தலையெல்லாம் மரத்தூள். முன்னறையில் பாய்த்துணி மெஷினிலிருந்து வழிந்து வாசல்படி தாண்டித் தெருவரைக்கும் கிடந்தது. வெள்ளை பெயின்ட் அடித்து முடித்தபோது வக்கீல்கூடக் கேலியை மறந்து ஒரு சுற்று சுற்றி வந்து, “நிஜமாவே படகு மாதிரி இருக்கு சார்” என்றார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுக் கூரை ஒழுகித் தம்பியின் வயிற்றுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. மொண்டு ஊற்றித் துடைக்கும்போது பின்பக்கம் ஓரிடத்தில் கைக்குக் கீழே பலகை உப்பியிருப்பது தெரிந்தது. அழுத்தினார். நெறுநெறுவென்று சத்தம் வந்தது. கத்தியால் கீறினால், பழைய நோட்டு அட்டை ஊறிப் பிரிவதுபோல அடுக்கடுக்காகக் கழன்று வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போய், பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினார். இந்தத் தடவை எந்த மரியாதையும் குறுக்கே வரவில்லை. தண்ணீர் கொதித்துக் கொஞ்ச நேரத்திலேயே துண்டு வாயைப் பிளந்தது.

“மனுஷனா அவர்?” என்றார் மனைவியிடம். “பேத்தி ஏறப்போற படகுன்னு தெரிஞ்சும் குப்பையைத் தள்ளிவிட்டிருக்காரு. சும்மா குடுக்கறப்பவே யோசிச்சிருக்கணும்.”

“அவருக்கே தெரியாம இருக்கும். தனியா கூப்பிட்டுப் பக்குவமா சொல்லுங்க” என்றார் மனைவி.

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்தான். அடுத்த வாரமே பேத்தியின் பிறந்தநாள் வந்தது. சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள், மூலைக்கு மூலை பலூன். சம்பந்தி வழக்கம்போலச் சத்தமாக, வந்தவர்களிடமெல்லாம் இவரைத் தோளோடு அணைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். “படகு கட்டறாரு நம்ம சம்பந்தி. கை அவரோடது, பலகை நம்மளுது. ஆயுசுக்கும் அசையாது!”

எக்ஸ்ரேக்காரர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வெந்து பிளந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கொண்டுவந்தது எதற்கு என்று அவரைக் கேட்டால், தனியாகக் காட்டத்தான் என்று சொல்வார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

“இதுதான் அந்த ஆயுசுக்கும் அசையாத பலகை. எல்லாரும் பாத்துக்கோங்க. நல்லவேளை, குழந்தையை ஏத்தறதுக்கு முன்னாடியே பல்லைக் காட்டிடுச்சு.”

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தன் பலகை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்து, நைந்து, பெயின்ட் ஏறிக் கிடக்கிற துண்டை வைத்துக்கொண்டு யார் என்ன சொல்ல முடியும்? இரண்டு கையையும் கூப்பினார். “மன்னிச்சுடுங்க சம்பந்தி. என் கடையிலேருந்து வந்த சரக்கு. என் தப்புதான்.” கேக் வெட்டக் கத்தியோடு நின்ற மகள் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மட்டும் அவர் அப்போது பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. சரியான சமயத்தில் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று பாலத்தின்மேல் விசில்கூட அடித்தார். பின்னாளில் எதை நினைத்தாலும் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த விசிலை நினைத்தால் மட்டும் உடம்பு கூசும்.

மறுநாளே லோடு வேன் வந்தது. புதுப் பலகைகள், முனைகளுக்கு அட்டை சுற்றி, குழந்தையைக் கொண்டுவந்து விடுவதுபோல இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் மகள் போன் செய்தாள்.

“மாமா கடை வாசல்லயே அடுப்பைப் போட்டுட்டாருப்பா. எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு துண்டை வேகவச்சுப் பாக்காம விக்கறதில்லை. பானைகிட்டயே உக்காந்திருக்காரு. வர்றவங்க ஏன்னு கேட்டா, ‘ஒரு தடவை என் சரக்கு பிரிஞ்சு போச்சு’ன்னு அவரே சொல்றாரு. சத்தமாப் பேசறதே இல்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலை. ஆனா அவ்வளவு பேர் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம்.”

“அவர் போட்ட பலகைக்கு நானா பொறுப்பு?” என்றார் இவர்.

கெட்ட பலகையை வெட்டி எடுக்கிற வேலை மிச்சமிருந்தது. கம்பி பிரஷ் போட்டு உள்பக்கப் பெயின்டைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, மரத்தூள் குழைத்த மக்கு வைத்து அடைத்த சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிய வந்தன. கம்பி தைத்த ஓரத்தில் இல்லை, பலகையின் நடுவில், ஒரே வரிசை. ஒரே இடைவெளி. ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு தடித்த ஆணி அளவு.

பிரஷைக் கீழே வைத்தார். அந்த வரிசை அவருக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுக்கும்போது அவர் போய் ஒளிந்து நிற்கிற பிளைவுட் தடுப்பில், ஈயத் தகட்டை அடித்திருந்த ஆணிகளின் வரிசை அது. “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்காக அவர் வெறித்துக்கொண்டு நின்ற வரிசை.

இதுவரை ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்லாததற்குக் காரணம், அவரே அதை மறந்துவிட்டதுதான். மறந்தார் என்பதும் பாதிதான் உண்மை. எக்ஸ்ரே அறையைப் புதுப்பித்தபோது பழைய தடுப்பைப் பிரித்துத் தகட்டை உரித்துக்கொண்டு பலகையைத் தூக்கிப் போட்டார்கள். முட்டுக் கொடுக்க ஆகும் என்று வீட்டுக்கு எடுத்து வந்தார். தம்பியைத் தைக்கும்போது ஒரே ஒரு பலகை குறைந்தது. வெளியே அடை மழை. பில் போடாத மனிதரிடம் இன்னொன்று கேட்கக் கூச்சம். இந்த ஒரு துண்டுதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டைகளை அடைத்துத் தைத்துவிட்டார். அப்புறம் பசை, அப்புறம் பெயின்ட். வெள்ளையடித்த பிறகு எல்லாப் பலகையும் ஒரே பலகைதான்.

மனிதர் அப்போதும் திருந்தினாரா என்றால் இல்லை. அண்ணனுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று பரணில் கிடந்தது. சம்பந்தி அனுப்பிய முதல் லோடு. அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டார். மனைவி சட்டைகளைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, பிரிந்துவிடு, கொஞ்சமாவது பிரிந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். இதுவும் மட்டமாக இருந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமே. துண்டு கறுத்தது, நாறியது. பிரியவில்லை. உளியை வைத்துத் தட்டினாலும் பிரியவில்லை. ஒரு நல்ல மனிதரின் பலகை கெட்டதாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டு தன் வீட்டு அடுப்படியில் நின்ற தன்னை நினைத்தால் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனாலும் சொல்லவில்லை. ஓட்டைப் பலகையைப் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் செருகிவிட்டு, சம்பந்தி அனுப்பிய புதுப் பலகையில் தம்பிக்கு ஒட்டுப் போட்டார். மகள் போன் வந்தால் குளிக்கப் போய்விடுவார். பாலம் பக்கம் போகிற வேலை வந்தால் ஊரைச் சுற்றிப் போனார்.

கண்டுபிடித்தது மனைவிதான். பாயை அளந்து பார்க்க ஷெட்டுக்கு வந்தவர், டின்னை நகர்த்தும்போது அந்தப் பலகையை இழுத்தார். தையற்காரக் கண்ணுக்கு நேரான வரிசை தப்புமா?

“மணிக்கட்டு முறிஞ்சப்ப உங்க ரூம்ல என்னை உக்கார வச்சீங்களே, அங்க இருந்த பலகையில்ல இது?” என்றார். அவர் பலகையை வாங்கித் திரும்ப டின்களுக்குப் பின்னால் செருகப் பார்த்தார். அதிலேயே மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“கொஞ்ச நாளா.”

“போய்ச் சொல்லுங்க.”

“இப்பப் போய்ச் சொன்னா மூஞ்சியை எங்க வச்சுக்கறது?”

“அவர் இப்ப எங்க வச்சிருக்காரோ, அங்கதான்” என்றார் மனைவி. “வேகவைக்க வேண்டாம்னு சொன்ன பாவத்துக்கு நானும் கூட வரணும்னா வரேன். ஆனா பேச வேண்டியது நீங்க.”

தனியாகத்தான் போனார். கடைக்கு எதிரே டீ குடிப்பதுபோல நின்று, உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்வரை காத்திருந்தார். சம்பந்தி நிஜமாகவே வாசலில் ஒரு பானைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். இவரைக் கண்டதும் எழுந்து தன் ஸ்டூலையே துடைத்துப் போட்டார்.

“வாங்க சம்பந்தி. பாருங்க, காலையிலேருந்து கொதிக்குது. ஒரு முடி அளவுகூட விடலை. இப்பெல்லாம் பாக்காம ஒண்ணும் அனுப்பறதில்லை.” பள்ளிக்கூடத்தில் கணக்குக் காட்டுகிற பையன்போல இடுக்கியால் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

எக்ஸ்ரேக்காரர் பையிலிருந்து ஓட்டைப் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரித் தடுப்பு, மழை, மக்கு, எதையும் விடவில்லை. பரணிலிருந்து எடுத்து வேகவைத்த துண்டை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

சம்பந்தி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் இவர். கத்தியிருந்தால் தேவலை.

“அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க இருக்கறப்ப சொன்னீங்க” என்றார் சம்பந்தி மெதுவாக. “இன்னைக்குக் கடையில யாரும் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்றீங்க.”

அந்த நேரம் பார்த்து ஒரு மேஸ்திரி உள்ளே வந்தார். பானையைப் பார்த்துச் சிரித்தார். “என்ன முதலாளி, பலகைக் கடையில சமையல்?”

சம்பந்தி இவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது. எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறந்தார், பானையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மேஸ்திரி பதிலுக்குக் காத்து நின்றார்.

“ஒரு தடவை என் சரக்கு பிரிஞ்சு போச்சு” என்றார் சம்பந்தி, எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில். “அதான்.”

இவர் ஓட்டைப் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய வரவில்லை. பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “பிறந்தநாளுக்கு வந்தவங்க யார் யார்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். படகு இறக்குகிற நாளுக்கு அத்தனை பேரையும் அவரே போன் செய்து கூப்பிட்டார். சம்பந்தி வர மாட்டேன் என்றுதான் சொன்னார். மகள்தான் என்னவோ பேசி அழைத்துவந்தாள்.

கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. லாரியில் தனித்தனியாக வந்த அண்ணனையும் தம்பியையும் கரையில் வைத்துப் பிணைத்தாயிற்று. பள்ளிக்கூடச் சட்டை தைத்த கையால் தைத்த பாய் மரத்தில் சுருண்டு நின்றது. தெருவும் உறவும் கூடியிருந்தன. வக்கீல், பால்காரர், மேஜையில் பத்திரிகை வைத்திருந்த டாக்டர்கூட வந்திருந்தார். தள்ளலாமா என்று ஆட்கள் கை வைத்தார்கள். எக்ஸ்ரேக்காரர் தடுத்தார். ஓட்டைப் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“பேத்தி பிறந்தநாளன்னைக்கு நான் காட்டின பலகை சம்பந்தியோடது இல்லை. என்னோடது. ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்ட தடுப்பு. நான்தான் எடுத்துட்டு வந்தேன், நான்தான் போட்டேன். அவர் குடுத்த பலகையை அப்புறமா வேகவச்சுப் பாத்தேன். அதுவும் பிரியணுமேன்னு வேண்டிக்கிட்டுதான் பாத்தேன். பிரியலை. அது தெரிஞ்ச பிறகும் அவரை அந்தப் பானைகிட்டயே உக்கார விட்டுட்டேன்.”

பால்காரர் தரையைப் பார்த்தார். பேத்தி மட்டும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, “படகுத் தாத்தா பொய் சொன்னாராம்மா?” என்று கேட்டாள். அது எல்லாருக்கும் கேட்டது. மகள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

சம்பந்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, “தள்ளுங்கப்பா” என்றார்.

முதல் சவாரிக்கு இரண்டு பேர்தான் ஏறினார்கள். சம்பந்தி தம்பியின் பக்கம், புதிதாக ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலேயே போய் உட்கார்ந்தார். பாய் காற்றைப் பிடித்தது. இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீர் சளசளவென்று ஓடியது. கரை தள்ளிப்போன பிறகு சம்பந்தி வாயைத் திறந்தார்.

“முதல் லோடு வந்தப்ப ஏன் வேகவச்சுப் பாக்கலை?”

“உங்க மேல இருந்த மரியாதை...”

“மரியாதை இருந்துது. நம்பிக்கை இருந்துதா?” கோபம் எதுவும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இருந்திருந்தா, பலகை பிரிஞ்ச அன்னைக்கு உங்களுக்கு முதல்ல உங்க கை மேலதான் சந்தேகம் வந்திருக்கும்.”

எக்ஸ்ரேக்காரர் பாய்க்கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார்.

கரையிலிருந்து பேத்தி கத்திக்கொண்டிருந்தாள். எந்தத் தாத்தாவைக் கூப்பிடுகிறாள் என்று காற்றில் கேட்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்திதான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கையை ஆட்டினார்.